அக்காவின் பனிச்சப்பாத்து

சாணைக்கல்லில் பிடித்த இரும்பைத் தண்ணீருக்குள் அமிழ்த்தும்போது ஒரு மணம் எழும். நனைந்த சுண்ணாம்பும் எரிந்த ஆணியும் கலந்ததுபோன்ற அந்த மணம் நிலவறைப் படிகளில் ஏறி, சமையலறையைக் கடந்து, நானும் அக்காவும் படுத்திருந்த முன்னறைவரை வந்துவிடும். சனிக்கிழமை விடிந்துவிட்டது என்பதை நாங்கள் அந்த மணத்தால்தான் அறிந்தோம். மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், இரண்டடுக்கு வீடொன்றின் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம்; அதன் "பேஸ்மென்ற்" முழுவதும் அப்பாவினுடையது. அங்கே, சுவரோரமாகக் கிடந்த தடித்த மரமேசையில், இருபுறமும் ஒவ்வொரு கல் பூட்டிய மின்சாணை ஒன்றை அவர் திருகாணியால் இறுக்கி வைத்திருந்தார். வீட்டில் "மெசின்" என்றால் அது ஒன்றுதான். சலவை இயந்திரத்தைக்கூட நாங்கள் அப்படிச் சொல்வதில்லை.

அப்பா ஓர் உலோகப் பட்டறையில் வேலை செய்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் கிடைத்த முதல் வேலையில், பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுச் சாணை பிடித்த ஒருவர் ஒரு கண்ணை இழந்ததை அவர் பக்கத்தில் நின்று கண்டிருக்கிறார். அதனாலோ என்னவோ, அந்த மெசினுக்குக் கிட்டப் போவதற்கு அவர் வைத்திருந்த கட்டுப்பாடுகள் கோயில் மூலஸ்தானத்துக்குக்கூட இருந்ததில்லை. தலைமயிரை இறுக்கிக் கட்டவேண்டும். சால்வை, தொங்குகிற சட்டைக்கை, கையுறை ஒன்றும் ஆகாது. "கையுறை கையைக் காக்குமெண்டு நினைக்கிறியளோ? கல்லு அதைக் கவ்வினால் விரலையும் சேர்த்துத்தான் கொண்டுபோகும்" என்பார். புதுக் கல் பூட்டுவதற்குமுன் மின்வயரைக் கழற்றிவிட்டு, கல்லை ஒரு விரலில் தொங்கவிட்டு, திருகாணி கழற்றும் திருப்புளியின் மரப்பிடியால் மெல்லத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார்; மணிபோல் கிண்ணென்றால் நல்ல கல், வெடித்த சட்டிபோல் மந்தமாகக் கேட்டால் உள்ளே கீறல் இருக்கிறது, ஓடும் வேகத்தில் அது துண்டுதுண்டாகப் பறக்கும். சுவிச்சைப் போடும்போது கல்லுக்கு நேரே நிற்கமாட்டார். பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, இரைச்சல் ஒரே சீராகும்வரை காத்திருப்பார். இரும்பைத் தாங்கும் தட்டுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு நெருப்புக்குச்சிக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது, இருந்தால் கத்தி உள்ளே இழுபடும். கல்லின் முன்விளிம்பில்தான் பிடிக்கவேண்டும், பக்கத்தில் அழுத்தக்கூடாது. வாளித் தண்ணீரில் நனைத்து நனைத்துப் பிடிக்கவேண்டும், சூடேறி இரும்பில் நீலம் பாய்ந்தால் அதன் உரம் செத்துப்போயிற்று. எனக்கும் அக்காவுக்கும் சிறிய கண்ணாடிகள் வாங்கி வைத்திருந்தார். அதன் பட்டியை, காது நோகாமல், தன் கையாலேயே இழுத்துச் சரிசெய்வார். அக்கம்பக்கத்துத் தமிழர்கள் கறிக்கத்தி, தேங்காய் துருவும் திருவலை, தோட்டத்துக் கத்திரிக்கோல் என்று கொண்டுவந்து தருவார்கள். அத்தனை வருடங்களில் அந்த நிலவறையில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

நிலவறையிலிருந்து மேலே வந்தால் வேறு மனிதர். அடித்தார் என்று சொன்னால் பொய். எங்களை அவர் ஒருநாளும் அடித்ததில்லை. அவர் காத்திருப்பார். வீட்டுக்கு வந்த விருந்தாளிகளிடம் அம்மா ஒருமுறை, "இவருடைய குறட்டைக்கு மேல்வீட்டுச் சனம் தட்டுதுகள்" என்று சிரித்துவிட்டாள். அப்பாவும் கூடச் சிரித்தார். சில வாரங்கள் கழித்து ஊரிலிருந்து அம்மாவின் தங்கையிடமிருந்து தொலைபேசி வந்தது. அது போர் நடந்த காலம், ஊரிலிருந்து ஓர் அழைப்பு எடுப்பதென்றால் எங்கெங்கோ போய் நாள்முழுக்கக் காத்திருக்கவேண்டும். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து பக்கத்தில் நிற்க, அப்பா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "அவ நல்ல நித்திரை. குறட்டை கேக்குது. பேந்து எடும்" என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு என்ற அந்தப் "பேந்து" வரப் பல மாதங்கள் ஆகின.

சிரிப்பு அவருக்கு ஆகாது. பட்டறையில் பிரெஞ்சுச் சொல் ஒன்றை அவர் பிழையாகச் சொல்லப்போய், கூட வேலைசெய்தவர்கள் அதையே அவருடைய பட்டப்பெயராக்கிக் காலம் முழுக்கக் கூப்பிட்டார்கள் என்று அம்மா எங்களிடம் சொல்லியிருக்கிறாள். அதன்பிறகு அவர் வேலையிடத்தில் ஆங்கிலத்திலேயே சமாளித்தார். பிரெஞ்சில் "பொன்ஜூர்", "மேர்சி" இரண்டுக்கு மேல் வாயைத் திறக்கமாட்டார்.

அக்காவின் பெயர் மேகலா. அவளுக்குப் பதின்மூன்று வயதும் எனக்கு ஒன்பது வயதுமாக இருந்த குளிர்காலத்தில், பழைய சாமான் கடையொன்றிலிருந்து அவளுக்கு ஒரு சோடி பனிச்சறுக்குச் சப்பாத்து வாய்த்தது. வெள்ளைத் தோல், உயரக் கழுத்து, அடியில் நீண்ட இரும்பலகு. நாங்கள் அதைப் "பனிச்சப்பாத்து" என்றோம். எங்கள் தெருமுனைப் பூங்காவில் ஒவ்வொரு குளிர்காலமும் மரப்பலகைகளை வளைத்துக் கட்டி, தண்ணீர் பாய்ச்சி உறையவைத்து, சறுக்குத்தளம் ஒன்று செய்வார்கள். பள்ளிக்கூடம் விட்டால் அக்கா அங்கேதான். நான் பலகைமேல் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் குனிந்த தலை நிமிராமல் நடக்கிறவள், பனிமேல் ஏறியதும் முதுகை நிமிர்த்தி, கைகளை விரித்து, பின்பக்கமாகவே போவாள். பூங்காவில் பிள்ளைகளைப் பழக்கிய இளம்பெண் ஒருத்தி அவளைக் கவனித்து, குளிர்கால விழாவில் நடுத்தளத்தில் தனியே சுழன்று ஆடும் இடத்தை அவளுக்குக் கொடுத்தாள்.

அலகு மழுங்கியிருந்தது. தீட்டித் தரும்படி அக்கா அப்பாவிடம் கேட்டாள். அவர் சப்பாத்தைத் தலைகீழாகப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். "அடிப்பக்கத்தைப் பார். நடுவில வாய்க்கால், ரெண்டு பக்கமும் ரெண்டு விளிம்பு. அந்த விளிம்புதான் பனியைப் பிடிக்கிறது. இதுக்கு வேற மெசின் இருக்கு, நெடுக ஓட்டி வாய்க்கால் வெட்டுற மெசின். என்ர கல்லில வச்சால் வாய்க்கால் அழிஞ்சுபோம். பேந்து இது சும்மா இரும்புத் தகடு." நானும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

சில நாள் கழித்து, அக்கா மறந்துவிட்டுப் போன கையுறையைக் கொடுக்க அப்பா பூங்காவுக்கு வந்தார். வேலைச் சப்பாத்தோடு பனித்தளத்தில் காலை வைத்தார். இரண்டு காலும் ஒன்றாக மேலெழும்ப, முதுகு அடிபட விழுந்தார். தொப்பி உருண்டு போயிற்று. தளத்தில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். கேலிச் சிரிப்பல்ல, அடக்குவதற்குள் வெடித்துவிட்ட சிரிப்பு. மறுகணமே விரைந்து போய்க் கையை நீட்டினாள். அவர் அதைப் பிடிக்காமல், முழங்காலை ஊன்றித் தானாகவே எழும்பி, தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு போனார். இரவுச் சாப்பாட்டின்போது, "பிள்ளையளோட சேர்ந்து நல்லாச் சிரிச்சாய்" என்றார். அவ்வளவுதான். அதன்பிறகு அந்தப் பேச்சே எழவில்லை.

விழாவுக்கு முந்திய சனிக்கிழமை காலை அவர் நிலவறைப் படியில் நின்று கூப்பிட்டார். "மேகலா, அந்தச் சப்பாத்தைக் கொண்டா. நான் செய்து தாறன்."

"உங்கட மெசினில ஏலாதெண்டு சொன்னியளே அப்பா?"

"ஏலும். ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கிறன்."

அக்கா படிகளில் துள்ளிக்கொண்டு இறங்கினாள். அப்பா தன் கையாலேயே அவளுடைய தலைமயிரைச் சேர்த்துக் கட்டினார். கண்ணாடியைப் போட்டுவிட்டு, பட்டியைச் சரிசெய்தார். "இந்தப் பக்கம் நில், பொறி படாது" என்று தோளைப் பிடித்து நகர்த்தினார். மென்மையான கல்லிருந்த பக்கத்தில், அவசரமில்லாமல், அழுத்தாமல், அலகைக் குறுக்காகப் பிடித்து ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை போனார்; நனைத்தார்; திரும்பவும் போனார். நீலம் ஒரு பொட்டுக்கூடப் பாயவில்லை. மெசினை நிறுத்தி, கல் தானாக நிற்கும்வரை பார்த்திருந்து, பிறகு துணியால் துடைத்துக் காட்டினார். அலகு கண்ணாடிபோல் மின்னியது. அக்கா தொடப்போனபோது, "கை வைக்காதை, வேர்வை பட்டால் இரும்பு கறள் பிடிக்கும்" என்றார். எண்ணெய்த் துணியில் இரண்டையும் சுற்றிக் கட்டி, "விழா நாளண்டைக்குத்தான் அவிழ்க்கவேணும். முன்னம் போட்டால் கூர் போயிடும்" என்றார். அக்கா நம்பினாள். மற்ற எந்தக் காரியத்தில் அவரை நம்பாவிட்டாலும், கத்தி, அலகு என்று வந்தால் அவருடைய சொல்லை அந்த வீட்டில் யாரும் சந்தேகித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூங்கா நிறையச் சனம். ஒலிபெருக்கியில் பாட்டு, கையிலே சூடான சொக்லேட் கோப்பைகள். அப்பாவும் வந்திருந்தார், அக்கா சறுக்குவதைப் பார்க்க அவர் வந்தது அன்றைக்குத்தான். பலகைக்குப் பக்கத்தில் முன்வரிசையில் இடம்பிடித்து நின்றார். அம்மாவும் நானும் அவருக்குப் பின்னால் நின்றோம்.

மற்றப் பெண்பிள்ளைகள் வட்டமாக ஓடி ஒதுங்க, அக்கா தனியே நடுவுக்கு வரவேண்டும். பலகையைப் பிடித்துக்கொண்டு தளத்தில் கால்வைத்தபோதே அவள் முகம் மாறியதைக் கண்டேன். ஒரு காலை உந்தினாள். அது பக்கவாட்டில் வழுகிப் போயிற்று. பாட்டு தொடங்கிவிட்டது. எப்படியோ நடுவரைக்கும் போய்ச் சேர்ந்து, திரும்ப முயன்று விழுந்தாள். எழும்பினாள். கைகளை விரித்தாள். திரும்பவும் விழுந்தாள். பனியைப் பிடிக்க அந்த இரும்பில் ஒன்றுமே இல்லை. தட்டொன்றைக் கவிழ்த்து அதன்மேல் நிற்பது போலிருந்திருக்கும். பழக்கிய பெண் பாட்டை நிறுத்தக் கையசைத்துக்கொண்டிருந்தாள். அக்கா விடவில்லை. அடுத்த முறை விழுந்தபோது இடதுகை அவளுக்கு அடியில் அகப்பட்டது. காய்ந்த கொள்ளியை முறித்தது போன்ற சத்தம் பலகைவரை கேட்டது.

அப்பா தளத்துக்குள் இறங்கினார். இந்தமுறை அவர் வழுக்கவில்லை. சப்பாத்துக்கு அடியில் இரும்பு முள் பதித்த ரப்பர் உறை மாட்டியிருந்தார். நறுக் நறுக்கென்று அவசரப்படாமல் நடந்துபோய் அவளுக்கு மேலே குனிந்தார். நான் பின்னால் ஓடிப்போயிருந்தபடியால் அவர் சொன்னதைக் கேட்டேன்.

"பார் பிள்ளை, ஒருத்தரும் சிரிக்கேல்லை."

சப்பாத்து மாட்டும் குடிலில் வைத்து, தளத்தைப் பராமரித்த காஸ்தோன் என்ற கிழவர் அக்காவின் சப்பாத்துகளைக் கழற்றினார். அலகின் அடியில் பெருவிரலைக் குறுக்கே இழுத்துப் பார்த்தார். வாய்க்காலும் இல்லை, விளிம்பும் இல்லை, உருண்டையாகத் தேய்த்துவிடப்பட்டிருந்தது. "இது தீட்டியதல்ல, அழித்தது. யார் செய்தது?" என்று பிரெஞ்சில் கேட்டார். அப்பாவுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அக்கா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. கை ஒருபக்கமாய்த் தொங்கிக்கொண்டிருந்தது, ஆனாலும் அவள் அழவில்லை.

மருத்துவமனையிலிருந்து வந்தபிறகு, சமையலறையில் அம்மா தாழ்ந்த குரலில் கேட்டாள்: "நீங்கள் ஒரு தகப்பனோ?"

"எலும்புதானே, பொருந்தும். விரல் போனாத்தான் வராது" என்றார் அப்பா.

அன்றிலிருந்து அம்மா ஒரு கத்தியையும் நிலவறைக்கு அனுப்பவில்லை. மழுங்கிய கத்தியால் பூசணிக்காயை இடித்துப் பிளந்தாள், மீனைக் கிழித்தாள், கத்தி வழுக்கிக் கையை வெட்டிக்கொண்டாள். "கத்தியைத் தாரும், கூரில்லாத கத்திதான் கையை வெட்டும்" என்று அப்பா கேட்டால், துணியைச் சுற்றிக்கொண்டு, "வேண்டாம்" என்பாள்.

அக்கா செய்தது வேறு. கட்டுப் போட்ட கையோடு காலைச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தவள், அப்பா கேட்ட கேள்விக்குப் பிரெஞ்சில் பதில் சொன்னாள். அவர் திரும்பக் கேட்டார். திரும்பவும் பிரெஞ்சில் சொன்னாள். அவரை "மிஸ்யு" என்றாள், கடையில் யாரோ ஒரு முன்பின் தெரியாத மனிதரைக் கூப்பிடுவதுபோல. முதலில் அவர் பகிடி என்று நினைத்தார். பிறகு, "வீட்டில தமிழ் கதை" என்று சத்தம் போட்டார். "விளங்கவில்லை, மிஸ்யு" என்றாள், அழகான பிரெஞ்சில். கோபத்தில் ஒரு நாள் அவரும் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் ஏதோ சொல்லப்போனார். அக்கா அந்தச் சொல்லை, அவர் உச்சரித்த விதமாகவே, மெதுவாக ஒருமுறை திருப்பிச் சொன்னாள். அவருடைய முகம் சாம்பலாகிவிட்டது. எங்கே வெட்டினால் ஆழமாகப் போகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அம்மாவோடும் என்னோடும் அவள் தமிழில்தான் பேசினாள். அப்பாவுக்கும் அவளுக்கும் நடுவே நான் மொழிபெயர்ப்பாளராக உட்கார்த்தப்பட்டேன். "என்னவாம்?" என்று அவர் கேட்பார், நான் சொல்வேன். உப்பு, பள்ளிக்கூடம், கதவுச் சாவி எல்லாம் என் வாய்வழியாகவே போய்வந்தன. அடுத்த குளிர்காலத்தில் அப்பா புத்தம்புதிய பனிச்சப்பாத்து ஒரு சோடி வாங்கிவந்து மேசையில் வைத்தார். கடையிலேயே முறையாகத் தீட்டுவித்திருந்தார். அக்கா பெட்டியைத் திறக்கவில்லை. "அவரையே போட்டுக்கொண்டு போய் விழச் சொல்லு" என்றாள் பிரெஞ்சில்.

"என்னவாம்?"

"பேந்து போடுவாளாம்" என்றேன் நான்.

அவர் நம்பிவிட்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க, பூங்காவில் தளம் உறைந்திருந்த நாட்களிலெல்லாம், பெட்டியை வாசற்கதவுக்குப் பக்கத்தில் எடுத்து வைப்பார். வசந்தத்தில் அம்மா அதைப் பெட்டியோடு யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

அக்கா கியூபெக் நகரத்துக்குப் படிக்கப் போய் அங்கேயே வேலை, கலியாணம் என்று தங்கிவிட்டாள். கணவன் பிரெஞ்சுக்காரன். அம்மாவைப் பார்க்க வருவாள், அப்பா பட்டறையில் நிற்கும் நேரமாகப் பார்த்து. வேலையிலிருந்து நின்றபிறகு அப்பா, யாருக்கும் சொல்லாமல், புதிதாக வந்தவர்களுக்குப் பிரெஞ்சு படிப்பிக்கும் வகுப்பில் போய்ச் சேர்ந்தார். பேரப்பிள்ளை வயதுக்காரர்களோடு உட்கார்ந்து வினைச்சொற்களைப் படித்தார். ஒருநாள் நிலவறைப் படியில் நான் நின்றபோது, ஓடாத மெசினுக்கு முன்னால் கதிரையில் இருந்து அவர் சொல்லிச் சொல்லிப் பழகுவதைக் கேட்டேன். "என் மகள் கியூபெக் நகரத்தில் வசிக்கிறாள். நான் அவளுக்குத் தீங்கு செய்தேன்." இரண்டாவது வசனத்தில் வினைச்சொல் பிழைத்தது. திருத்திச் சரியாகச் சொன்னார். சில வருடங்களில், வானொலியில் போகும் செய்தியைக் கேட்டு எனக்கு விளக்கமே சொல்வார்.

அம்மா இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அக்கா தன் மகளோடு வந்தாள். குழந்தைக்குத் தமிழ் தெரியாது. சாப்பாட்டில் அப்பாவுக்கு நேரெதிரே இருந்தார்கள். குழந்தை வடையைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தது. பிறகு பிரெஞ்சில் கேட்டது: "அம்மா, அந்தக் கெட்ட மனிதர் இவர்தானா?"

"இவர்தான். பயப்படாதே, இவருக்கு ஒன்றும் விளங்காது. அவர் சாகிறவரைக்கும் நாங்கள் இங்கே திரும்பி வரவேண்டியதில்லை" என்றாள் அக்கா, பிரெஞ்சில், சாதாரணக் குரலில்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவருடைய கை சோற்றில் நின்றுவிட்டது. இத்தனை காலம் அவளுக்காகச் சேர்த்துவைத்த பிரெஞ்சை இப்போது பேசுவார் என்று காத்திருந்தேன். அவர் வாயைத் திறந்தார். "சாப்பிடுங்கோ பிள்ளை, ஆறப்போகுது" என்றார் தமிழில், குழந்தையைப் பார்த்து. பிறகு தன் இலையிலிருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்துத்தான் எழும்பினார். அதற்குப் பிறகு அவர் வகுப்புக்குப் போனதுமில்லை, வானொலி கேட்டதுமில்லை.

போன மாசியில் அப்பாவும் போய்விட்டார். வீட்டை விற்றாயிற்று. நிலவறைக்குப் புது வெள்ளை அடித்து, மெசின் நின்ற இடத்தில் கட்டில் போட்டு, யாரோ மாணவனுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். மெசினை இரும்பு சேர்க்கிறவர் ஏற்றிக்கொண்டு போனார். காஸ்தோன் கிழவர் எப்போதோ இறந்துபோனார். சப்பாத்து மாட்டும் குடிலையும் இடித்துவிட்டார்கள். பூங்காவில் இப்போதும் மார்கழியில் பலகைகளை வளைத்துக் கட்டுகிறார்கள். ஆனால் குளிர் முன்போல் நிலைப்பதில்லை. மழை பெய்து, உறைந்த தண்ணீர் கரைந்து, பெரும்பாலான நாட்களில் பலகைக்குள் சேறுதான் கிடக்கிறது.

வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்த அக்காவைப் பேருந்து நிறுத்தத்துக்குக் கூட்டிப்போகும் வழியில் அந்தப் பலகையருகில் கொஞ்சம் நின்றோம். எத்தனையோ வருடங்களாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அங்கேதான் சொன்னேன். அப்பா பிரெஞ்சு படித்தார் என்றும், அன்றைக்கு அவள் குழந்தைக்குச் சொன்னதெல்லாம் அவருக்கு விளங்கியது என்றும்.

அக்கா சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ?" என்றாள். "அவருக்குப் படிப்பிச்சவ என்னோட படிச்ச பெட்டையின்ர தாய். அவர் சேர்ந்த கிழமையே எனக்குச் சொல்லிப்போட்டா."

"அப்ப தெரிஞ்சுகொண்டே ஏனக்கா அப்பிடிச் சொன்னனீ?"

"அதாலதான்" என்றாள்.

பேருந்து வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வழுக்கிவிடாமல் கவனமாகக் காலை வைத்து, தெருவைக் கடந்தாள்.